விரதத்தின் மேல் போட்ட பழி

லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு மதி அக்கா, கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமாக விரதம் இருந்தார். விரதம் முடிக்கும் பாறணைச் சமையலை நான் பொறுப்பெடுத்தேன். எனக்கு இரவு ஷிப்ட். அதனால் ஊறவைத்த கிட்னி பீன்ஸை அப்படியே, மெதுவாக அவிக்கும் மின்சார ஸ்லோ குக்கரில் போட்டு, குறைந்த சூட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் பூப்போல அவிந்திருந்தது. அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்துப் பெருமையோடு பரிமாறி, நானும் கூட இருந்து சாப்பிட்டேன்.

சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கதைத்துக்கொண்டிருக்கும்போதே அக்கா வாந்தியெடுக்கத் தொடங்கினார். "குறை நினைக்காதேங்கோ தங்கச்சி, வெறும் வயித்தில அள்ளிச் சாப்பிட்டிட்டன்" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டார்.

"ஓம் அக்கா, விரத வயிறுதானே" என்றேன் நானும்.

அவரை வீட்டில் விட்டு வந்ததும் எனக்கும் அதே வாந்தி. நான் விரதமே இருக்கவில்லை! என்ன சமைத்தேன் என்று கேட்டதும் போனில் என் மகள் கத்தினாள்: "அம்மா, பீன்ஸை முதல்ல அடுப்பில நல்லாக் கொதிக்க வைக்கவேணும். குக்கர்ச் சூட்டில அதின்ர நஞ்சு போகாது!"

மறுநாள் இருவரும் தேறிவிட்டோம். இப்போது ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்த பிறகே பீன்ஸ் குக்கருக்குள் போகிறது. கறியும் முன்பைவிட ருசி.

ஆனால் அக்கா, "இனி எனக்கு விரதம் ஏலாது, உடம்பு தாங்காது" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். நேரில் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதி அனுப்புகிறேன்; அவரும் இந்த இதழின் வாசகிதான்.