முப்பத்தொன்று வரை கையெழுத்து

இது நடந்தது. நடக்கவே இல்லை என்று குடியிருப்போர் சங்கத் தலைவர் சுந்தரமூர்த்தி லெட்டர்பேடில் அச்சடித்து நான்கு லிஃப்டிலும் ஒட்டியிருக்கிறார். இதைவிட என்ன சான்று வேண்டும்?

எலெக்ட்ரானிக் சிட்டியில் பளிங்கு வாசலும் பிரெஞ்சுப் பெயருமாக நிற்கும் அடுக்ககம் அது. அறுநூறு வீட்டார் கழுவி விடுவதெல்லாம் மூன்றாம் பேஸ்மென்டில் இருக்கும் எஸ்.டி.பி. என்கிற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் வந்து சேரும். பிரெஞ்சு வாசம் அதுவரை இறங்காது. அங்கே பாலகுமார் ஆபரேட்டராகச் சேர்ந்து ஒன்பது நாள்.

தொட்டியில் சேறு அடியில் படிந்து, தெளிந்த நீர் மேலே வழிய வேண்டும். தினமும் கண்ணாடி ஜாடியில் அரை மணி நேரம் வைத்து, எவ்வளவு படிகிறது என்று பார்த்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். யார் பார்க்கிறார்கள்? ஒன்றாம் தேதியே மாதம் முழுக்க ‘300’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவது அங்கே வழக்கம். பாலகுமாரும் முப்பத்தொன்று வரை போட்டிருந்தான்.

மே ஒன்பது. பகல் 2.40. அடிச்சேற்றை வாரும் ஸ்கிராப்பர் நின்றுவிட்டது. இன்டர்காமில் தலைவரைக் கூப்பிட்டான்.

“மெக்கானிக் எதுக்குப்பா? நாளைக்குப் பசுமை அவார்டு கமிட்டி வருது. நீயே ஏணியில இறங்கி ஒரு தட்டு தட்டு.”

“உள்ள விஷ காஸ் இருக்கும் சார்.”

“உனக்கு முன்னாடி இருந்தவன் கேள்வியே கேக்கமாட்டான். முடியலன்னா சொல்லு, நாளைக்கு வேற ஆள்.”

மனிதநேயம் பற்றி வாட்ஸ்அப்பில் தினம் எழுதுகிறவர்.

வேலை போனால் அறை வாடகைக்கு வழியில்லை. ஏணியை இறக்கினான். முதலில் சேற்றின் ஆழம் பார்க்கலாம் என்று நீளக் குழாயை உள்ளே விட்டான். 2.55. குழாய் அடியைத் தொட்டது.

டொக்... டொக்... டொக்.

அடியிலிருந்து.

மோட்டார் அதிர்வு என்று நினைத்தான். மோட்டார்தான் நின்றிருக்கிறதே...

குழாயை இழுத்தான். வரவில்லை.

யாரோ பிடித்திருந்தார்கள்.

விட்டான். குழாய் மெல்லக் கீழே போனது... முழுசாக.

முதுகுக்குப் பின்னால் தாள் புரளும் சத்தம்.

காற்றே வராத பேஸ்மென்ட்.

திரும்பினான். ரெஜிஸ்டர் திறந்திருந்தது. ஒன்பதிலிருந்து முப்பத்தொன்று வரை, அவன் கையெழுத்துகள் மேல் ஒரே கோடு.

கறுப்புச் சேறு.

விரல் அகலம்.

ஈரம்.

வாசல்வரை ஓடினான். காவலுக்கு இருந்த விஜி தண்ணீர் கொடுத்தாள்.

“உள்ள இறங்கினியா?”

“இல்லக்கா.”

விஜி நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“உனக்கு முன்னாடி நாகேஷ்னு ஒருத்தன். மார்ச் ஒன்பது மத்தியானம் கீழ போறான். கேமராவுல இருக்கு. மேல வரவேயில்ல. ஏப்ரல் ஒண்ணாந்தேதி தொட்டி கழுவறப்பதான் கெடைச்சான்.”

“அதுவரைக்கும் யாருமே தேடலையா?”

“எதுக்குத் தேடுவாங்க? முப்பத்தொண்ணு வரைக்கும் தினம் கையெழுத்துப் போட்டிருந்தானே.”