மேசைக்கு அடியில் நீல மீன்

லாவெர்ன் ஷ்ராக்கைப் பற்றி எங்கள் டிரெய்லர் பார்க்கில் யாரைக் கேட்டாலும் முதலில் அவருடைய வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். கெட்ட வாய் இல்லை, அடங்காத வாய். வடக்கு இந்தியானாவில், காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற டிரெய்லர் வீடுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். அதிர்ந்து பேசாத மெனோனைட் கிறிஸ்தவ சபைக் குடும்பம் என்று அவர் மனைவி ட்ரீவாவைப் பார்த்தால் நம்பலாம். அவரைப் பார்த்தால் நம்ப முடியாது. வருஷா வருஷம் நவம்பரில் குளிருக்குப் பயந்து டெக்சஸ் கடற்கரைக்கு வந்து, என் இடத்துக்குப் பக்கத்து இடத்தில் வண்டியை நிறுத்துவார்கள். இறங்கி முதுகை நிமிர்த்துவதற்குள் அவர் அக்கம்பக்கத்து டிரெய்லர்களைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

"இந்த அலமாரிக் கதவை எவன் மாட்டினான்? கண்ணைக் கட்டிக்கிட்டு மாட்டியிருக்கான்," என்று என் வண்டியைப் பார்த்துச் சிரித்தார். "என் கை பட்ட வண்டியா இருந்தா புயலுக்குள்ள ஓட்டிட்டுப் போ, ஒரு கதவு திறக்காது."

நான் நெப்ராஸ்காவில் முப்பது வருஷம் தபால் கொடுத்தவன். கதவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தலையாட்டினேன். எல்லோரும் தலையாட்டினோம்.

எதிர் வரிசையில் ஜெனீவா ப்ரூசார் இருந்தாள். லூசியானாக்காரி. பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் பெரிய பெரிய அண்டாக்களைக் கிளறிய கை. கணவன் போனபிறகு வீட்டை விற்றுவிட்டு, யாரோ ஓட்டி முடித்த டிரெய்லர் ஒன்றை வாங்கிக்கொண்டு தனியாக வந்து சேர்ந்தவள். அந்த வண்டியின் சாப்பாட்டு மேசை அவள் வாங்கிய நாளிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்தைச் சுவரில் அடித்த இரும்புப் பட்டை தாங்கும், மறுபக்கத்துக்கு ஒற்றைக் கால். காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தாள். தட்டில் கத்தியை அழுத்தினால் காபி தளும்பும்.

அந்த நவம்பரில் லாவெர்னைப் பார்த்ததும் கேட்டாள்: "ஏம்ப்பா, உலகத்து வண்டியையெல்லாம் தட்டுறியே, என் மேசையை வந்து ஒரு தட்டுத் தட்டேன். குடிகாரன் மாதிரி ஆடுது."

"பாத்துடலாம், ஜெனீவாம்மா. அஞ்சு நிமிஷ வேலை," என்றார் லாவெர்ன்.

அந்த வாரம் கடலில் நல்ல மீன். அதற்கடுத்த வாரமும் நல்ல மீன். கிறிஸ்துமஸ் போனது. அந்த ஐந்து நிமிஷம் வரவேயில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜெனீவா இறால் போட்டுக் கம்போ காய்ச்சியிருந்தாள். கெட்டியான குழம்பு, அடுப்பிலிருந்து இறக்கினாலும் வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். பானையைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு, உட்கார்ந்து கிண்ணத்தை இழுத்தாள். சுவர்ப் பட்டை பிய்த்துக்கொண்டு வந்தது. மேசை அவள் பக்கமாகச் சாய்ந்து, பானை அவள் மடியில் கவிழ்ந்தது.

அந்தக் கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. நானும் ட்ரீவாவும் ஓடினோம். ட்ரீவாதான் தோட்டக் குழாயை உள்ளே இழுத்து வந்து அவள்மேல் தண்ணீரைத் திறந்துவிட்டாள். இரண்டு தொடையும் இடது கையும் வெந்திருந்தன. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அவள் திரும்பி வருவதற்குள் மேசையைச் சரி செய்துவிட வேண்டும் என்று பார்க்கில் பேச்சு வந்தது. யார் செய்வது என்ற கேள்வியே எழவில்லை. லாவெர்ன் கருவிப் பெட்டியோடு கிளம்பினார், விளக்குப் பிடிக்க நான் போனேன்.

போகும்போது அவர் முகம் சரியில்லைதான். கூப்பிட்டும் போகவில்லையே என்ற உறுத்தல் இருந்திருக்கும். ஆனால் பிய்ந்த சுவரைப் பார்த்ததும் பழைய லாவெர்ன் வந்துவிட்டார். காகிதம் மாதிரிப் பலகை, அதில் நாலு ஓட்டை. விரலால் தட்டிக்கொண்டே கீழே இறங்கினார். மூன்று விரல்கடை கீழே சத்தம் மாறியது.

"கேட்டியா? ஸ்க்ரூவைப் பிடிச்சுக்கத்தான் உள்ள மரம் வச்சிருக்கு. மரம் இங்க இருக்கு, இந்த மகராசன் அங்க அடிச்சிருக்கான். வெறும் பலகைல! குடிச்சிட்டு அடிச்சானா, தூங்கிக்கிட்டே அடிச்சானா? அவன் கையை ஒடிக்கணும்."

இப்படிச் சொல்லிக்கொண்டேதான் கீழே கிடந்த மேசைப் பலகையைப் புரட்டினார். அடிப்பக்கத்தில், ஓரமாக, நீலக் கிரேயானில் ஒரு சின்ன மீன் வரைந்திருந்தது. ஒரே கோட்டில் உடம்பும் வாலும், கண்ணுக்கு ஒரு புள்ளி.

அவர் பேச்சு நின்றது.

"என்னது, மீனா?" என்றேன்.

"முன்னாடி வச்சிருந்தவங்க வீட்டுக் குழந்தை ஏதாச்சும் கிறுக்கியிருக்கும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "காபி கெடைக்குமா பாரேன்," என்றார்.

நான் காபியோடு திரும்பியபோது அவர் தரையில் உட்கார்ந்து உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தூக்கிப் போடப் போகிற பலகை. அதை எதற்குத் தேய்க்க வேண்டும்? எனக்கு அப்போதே ஏதோ பிடிபட்டது. ஆனாலும் கேட்கவில்லை. காபியை நீட்டினேன், அவர் நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

நாலு நாள் வேலை செய்தார். அதுபோல் ஒரு மேசையை எந்தத் தொழிற்சாலையும் எந்த வண்டியிலும் வைத்ததில்லை. பிர்ச் மரப் பலகை, முனைகளையெல்லாம் உருட்டியிருந்தார். ஒற்றைக் காலுக்குப் பதில் இரண்டு கால், தரையைத் துளைத்து அடியில் இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கினார். சுவரில் மரத்தைத் தேடிப் பிடித்து எட்டு ஸ்க்ரூ. பாத்திரம் வழுக்காமலிருக்க ஓரத்தில் மெல்லிய விளிம்பு. முடித்துவிட்டு என்னை மேலே ஏறி நிற்கச் சொன்னார். ஏறி நின்றேன். அசையவில்லை. வழக்கமாக இருந்தால் பார்க்கையே கூட்டிக் காட்டியிருப்பார். அன்று கருவிகளை எடுத்துக்கொண்டு பேசாமல் போனார்.

ஜெனீவா திரும்பி வந்த வாரத்துச் சனிக்கிழமை, பொது ஹாலில் எல்லோரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து மத்தியானச் சாப்பாடு. கைத்தடியோடு வந்தாள். கையில் கட்டு. எழுந்து நின்று பேசினாள்.

"என் புது மேசையைப் பாத்தீங்களா? என் கல்யாணமே அவ்வளவு உறுதியா இல்ல." எல்லோரும் சிரித்தோம். "லாவெர்னு, உன் கைக்கு முத்தம் குடுக்கணும்ப்பா. பழசை மாட்டினவன் மட்டும் என் முன்னாடி வந்து உக்காரட்டும், அவன் மடியில ஒரு பானைக் கம்போ நானே ஊத்தறேன்."

ஹாலே அதிர்ந்தது. லாவெர்னும் சிரித்தார். நானும் பார்த்தேன், எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தார். அவர் தட்டில் எடுத்து வைத்தது அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் யார் வண்டியையும் தட்டவில்லை. ஜெனீவாவின் டிரெய்லரைத் தாண்ட வேண்டுமென்றால் துணி துவைக்கும் அறையைச் சுற்றிக்கொண்டு போனார். அவள் நன்றிக்கு ரொட்டிப் புட்டிங் செய்து அனுப்பினாள். தட்டு மூன்று நாள் மூடியபடியே இருந்தது.

"உடம்புக்கு என்ன?" என்று கேட்டாளாம் ட்ரீவா. இதெல்லாம் பின்னால் அவளே எனக்குச் சொன்னது.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதவன் புட்டிங்கைப் பாத்துப் பயப்பட மாட்டான்."

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். தொழிற்சாலையில் யார் எத்தனை மாட்டினார்கள் என்று தெரிவதற்கு ஆளாளுக்கு ஓர் அடையாளம் போடுவார்கள். அவருடையது நீல மீன். இன்றைக்கு இத்தனை வண்டி என்று இருக்கும், அது முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். அதனால் எல்லோரும் ஓடி ஓடி வேலை செய்தார்கள். அவர் மற்றவர்களைவிட வேகமாக ஓடினார்.

"உள்ள மரம் எங்க இருக்குன்னு தட்டிப் பாக்க அரை நிமிஷம் ஆகும், ட்ரீவா. நான் பாக்க மாட்டேன். கைக்கு எட்டின இடத்துல அடிச்சிட்டு அடுத்த வண்டிக்குப் போயிடுவேன். ரெண்டு மணிக்கெல்லாம் ஏரியில இருப்பேன். யாருக்கும் உடம்பு சரியில்லாம இல்ல, வீட்டுல ஒரு கஷ்டமும் இல்ல. மீன் பிடிக்கணும், அவ்வளவுதான்."



"கொண்டு வந்து குடுப்பே. நானும் பொரிச்சுத் தின்னேன்," என்றாளாம் ட்ரீவா. பிறகு, "இதை எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? வெந்தது என் தொடையா?"

மறுநாள் காலை அவர் ஜெனீவாவின் கதவடியில் போய் நின்றார். அவள் புது மேசையில் இறாலைப் பரப்பி, ஒற்றைக் கையால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வாப்பா. ஏன் பிச்சைக்காரன் மாதிரி வெளிய நிக்கிற?"

"நின்னே சொல்லிடறேன். மேசையை மாட்டினது நான்தான்."

"தெரியுமே. அதுக்குத்தானே புட்டிங் குடுத்தேன்?"

"இதில்ல. விழுந்துச்சே, அது. அடியில என் அடையாளம் இருந்துச்சு. அதை நான் தேச்சு அழிச்சிட்டேன்."

அவள் உரிப்பதை நிறுத்தினாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், ஏரி வரைக்கும். தொப்பியைக் கையில் பிழிந்துகொண்டே சொன்னதாக அவரே பின்னால் சொன்னார். அவளுடைய கட்டைப் பார்க்க முடியாமல் அந்த இறால் தோலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"நவம்பர்ல நான் கூப்பிட்டப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. வந்து பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

"அன்னிக்கு ஹால்ல நான் பேசினப்ப?"

"தெரியும்."

"சிரிச்சியே."

"சிரிச்சேன்."

"வெந்ததுக்கு மருந்து போட்டுக்கறேன். அது ஆறிடும்," என்றாள். "எல்லாரும் சிரிக்கறப்ப உன்னைத்தான் நான் பாத்தேன், லாவெர்னு. நல்ல மனுஷன், நமக்காகச் சந்தோஷப்படறான்னு நெனச்சேன்."

அவள் உரித்த தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அந்த மாதிரி எத்தனை மாட்டின?"

"எண்ண முடியாது."

"அப்ப என் வாசல்ல ஏன் நின்னுக்கிட்டிருக்க? போ."

போ என்றால் தொலைந்து போ என்றாளா, போய் ஆக வேண்டியதைப் பார் என்றாளா, அவருக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது என்றுதான் சொல்கிறார்.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த சனிக்கிழமை லாவெர்னே ஹாலில் எழுந்து நின்றார். அந்த மனிதர் திக்கித் திக்கிப் பேசி நான் பார்த்தது அன்றுதான். சொல்லி முடித்ததும் கடைசி மேசையிலிருந்து மிசௌரிக்காரக் கிழவர் ஒருவர் குரல் கொடுத்தார்:

"என் வண்டியைத் தட்டித் தட்டிச் சிரிச்சியே, ஞாபகமிருக்கா? என் பொண்டாட்டி முன்னாடி?"

"இருக்கு."

"நாளைக்கு வந்து இன்னொரு தடவை தட்டு. இந்தத் தடவை வாயை மூடிக்கிட்டு."

வந்தார். எங்கள் முப்பத்தோரு டிரெய்லர்களுக்கும் போனார். உள்ளே விட்ட வீடுகளில் முழங்காலில் ஊர்ந்து ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் புகுந்தார். ஐந்து வண்டிகளில் ஸ்க்ரூ மரத்தில் இல்லை. அவற்றில் இரண்டில் மீன் இருந்தது. அந்த இரண்டு வீட்டுக்காரர்களையும் குனிந்து பார்க்கச் சொல்லி, விரலால் காட்டிவிட்டு, பிறகுதான் வேலையைத் தொடங்கினார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண்மணி, "உன் கை என் வண்டியில படவே வேணாம், வேற ஆளு பாத்துக்கறேன்," என்று கதவைச் சாத்தினாள். நான் பக்கத்தில் நின்றேன். அவர் கோபப்படவில்லை. படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடினார். திடீரென்று வயசானவர் மாதிரி இருந்தார்.

நான் பார்த்ததைச் சொல்லாமலிருந்தேன் என்று அன்று அவரிடம் சொன்னேன். "உப்புத்தாளோட உன்னைப் பாத்தப்பவே எனக்குச் சந்தேகம்."

"தெரியும். அதான் ரெண்டு வாரமா உன் மூஞ்சியையும் பாக்க முடியல," என்றார்.

ஜெனீவா அவரோடு பேசவில்லை. பகை காட்டவும் இல்லை. ட்ரீவாவோடு சீட்டாடுவாள், லாவெர்ன் வந்தால் சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏப்ரலில் அவர்கள் ஊர் திரும்பும் நாள் வந்தது. வண்டியைப் பூட்டி, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, லாவெர்ன் ஏறி உட்கார்ந்தார். எதிர் வரிசையில் ஜெனீவா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி எடது டயர்ல காத்து இல்ல," என்றாள். இரண்டு மாதத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் இறங்கிக் காற்று அடித்தார். வெகுநேரம் அடித்தார்.

மே மாதம் ட்ரீவா போனில் பேசினாள். நேரே வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் இன்னும் பாதி வழியில் அர்க்கன்சாவில்தான் இருந்தார்கள். ராத்தங்க நிற்கும் ஒவ்வொரு முகாமிலும், தன் தொழிற்சாலை வண்டி ஏதாவது நின்றால் அவர் போய்க் கதவைத் தட்டுகிறாராம். முந்தின நாள் சாயங்காலம் ஓர் இளம் தம்பதியின் வண்டி. பனியனோடு கதவைத் திறந்தவன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன விக்கிறீங்க, பெரியவரே? எங்களுக்கு ஒண்ணும் வேணாம்."

ட்ரீவா பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். லாவெர்ன் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். எத்தனை தடவை சொன்னாலும் முதல் வார்த்தை இன்னும் அவருக்கு வரமாட்டேன் என்கிறது என்றாள்.

"விக்க வரல, தம்பி," என்றார் கடைசியில். "உங்க சாப்பாட்டு மேசை ஆடுதா?"