ஜாக்கி மேல் ஒரு வீடு

எர்ணாவூரின் ஒரு சந்தில் முழு வீடே ஜாக்கிகளின் மேல் நிற்கிறது. குனிந்தால் அடியில் பின்தெரு நாய் தெரிகிறது. விசில் ஊதியதும் ஆட்கள் ஒன்றாகத் திருகுகிறார்கள். வீடு நூலளவு எழும்புகிறது. நான் இரண்டடி பின்வாங்குகிறேன். வீட்டுக்கார அக்கா எதிரே உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறார்.

"பயமா இல்லையாக்கா?"

"இன்னா பயம்? ஒவ்வொரு தபா ரோடு போடசொல்லோவும் வூடு பள்ளமாப் பூடுது. மழ வந்தா கட்டில் வரிக்கும் தண்ணி. அதான் தூக்குறோம்."

"அந்தத் தண்ணி இனிமே எங்க போகும்?"

அக்காவின் கையில் மீன் கத்தி நிற்கிறது. சாலைக்குக் கீழே வாசல் இறங்கிக் கிடக்கும் எதிர்வீட்டைப் பார்க்கிறார்.

"அங்கதான். அவங்களுக்குத் தூக்க வசதி இல்ல. அதான் அவங்களும் ஏறுற மாரி நம்ம மாடிப்படிய தெருப்பக்கமா வெக்கச் சொல்லிகீறேன். கேட், பூட்டு ஒண்ணும் கெடயாது."