முகூர்த்த ஞாயிறும் என் ஆராதனையும்

பட்டுப்புடவைக் கடை சேல்ஸ்மேனுக்குப் பாதி வாழ்க்கை புடவையை விரிப்பதில் போகும், மீதி அதை மடிப்பதில் போகும். கடை மெத்தையில் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்த சகாக்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் நான் விரித்துக்கொண்டிருந்தேன். பிறப்பால் கிறிஸ்தவன்தான். ஆனால் கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் கோயிலில் தலைகாட்டும் ரகம். கல்யாணமான பிறகு மனைவி இழுத்துக்கொண்டு போய், செவிலிமேட்டில், என் வார லீவு நாளான புதன்கிழமை காலை வேதபாட வகுப்பில் உட்கார வைத்தாள்.

லீவு கேட்ட கதை

வேதபாடத்தில் ருசி கண்டவனுக்கு ஞாயிறு ஆராதனைக்கும் போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நம் தொழிலில் ஞாயிறு எப்படிப்பட்ட நாள் என்று உங்களுக்கே தெரியும். சென்னையிலிருந்து வேன் வேனாகக் கல்யாண கோஷ்டி வந்து இறங்கும். ஜெபம் பண்ணிவிட்டு, காலையில் மட்டும் கொஞ்ச நேரம் விட்டால் போதும் என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டே சொன்னார்: "உன் மெத்தையில ஒரு ஆளை உக்கார வெச்சிட்டுப் போ, நான் ஏன்பா வேணான்றேன்?"

ஆடித் தள்ளுபடி

வகுப்பை நடத்திய எஸ்தர் அக்கா ஒரு புதன்கிழமை, "கிருபைன்னா என்ன?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்ததும் தொழில்புத்தி முந்திக்கொண்டது. "நாம செஞ்ச தப்புக்கு ஆண்டவர் தர்ற ஆடித் தள்ளுபடி அக்கா" என்றேன். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

போதாததற்கு, ஜெபித்து முடிக்கவும் என்னையே சொன்னார்கள். கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தேன். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில், பழக்க தோஷம், "வேற கலர் காட்டட்டுமா?" என்றுவிட்டேன். மனைவி அன்று பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். எஸ்தர் அக்கா மட்டும் வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினார்: "தள்ளுபடியில மீதியை நாம கட்டணும் தம்பி. கிருபையில நாம கட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல."

வெள்ளைப் போணி

ஒருநாள் கடை திறந்ததும் தாமலிலிருந்து ஒரு கிறிஸ்தவக் குடும்பம் வந்து, மணப்பெண்ணுக்கு வெள்ளைப் பட்டு கேட்டது. முதல் வியாபாரம் வெள்ளையில் நடந்தால் அந்த நாள் விளங்காது என்பது முதலாளியின் நம்பிக்கை. "கொஞ்சம் கழிச்சு வாங்கம்மா" என்றார். அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. எனக்கு நியாயம் கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

பக்கத்து மெத்தையிலிருந்து வரதன் எழுந்தான். என் வயசுக்காரன், சின்ன காஞ்சிபுரத்துப் பையன், நாமம் போடாமல் ஒருநாளும் கடைக்கு வந்ததில்லை. தன் வீட்டுக்காரிக்கு என்று ஒரு சிவப்பு ரவிக்கைத் துணியை எடுத்து, காசைக் கல்லாவில் வைத்தான். "போணி ஆயிடுச்சு மொதலாளி. அந்தப் பொண்ணுக்கு வெள்ளையைக் காட்டச் சொல்லுங்க."

கருட சேவை

அந்த வாரமே அவன் முதலாளியிடம் போய், ஞாயிறு காலையில் என் மெத்தையையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தான். நான் அவனிடம் கேட்கவே இல்லை. கூட்டம் நெரிக்கிற நாளில் இரண்டு மெத்தையைப் பார்ப்பது என்ன பாடு என்று நமக்குத் தெரியாதா? எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இருந்தாலும் சும்மா வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. வரதராஜர் கருட சேவை அன்று நீ கோயிலிலேயே இரு, உன் மெத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பேரம் பேசினேன். மடித்துக்கொண்டிருந்த புடவையிலிருந்து அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை. "கருடன் மேல பெருமாள் தர்ற கோபுர தரிசனம் விடிகாலையிலயே முடிஞ்சிடுதுபா, கடை தொறக்கறதுக்குள்ள வந்துடுவேன். எனக்கு நீ ஒண்ணும் செய்ய வேணாம், போய்க் கும்பிட்டுக்கினு வா."

எஸ்தர் அக்காவின் கேள்விக்குச் சரியான பதில் இப்போது எனக்குத் தெரியும்: அது நாமம் போட்டுக்கொண்டு பக்கத்து மெத்தையில் உட்கார்ந்திருந்தது.