மாமாவுக்காகக் குரைத்த நாட்கள்

எங்கள் மாமா ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் அதை முடித்துவைக்க இன்னும் நாலு பேர் வேண்டும். இதை நான் பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. ஒன்பது வயதில், பதினோரு நாட்கள், வீட்டு வாசலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கட்டெறும்புகளோடு உட்கார்ந்து நாய் மாதிரிக் குரைத்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. திருப்பாதிரிப்புலியூரில் மைக்செட் கடை வைத்திருந்தார். கடை சின்னது என்பதால் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ்களெல்லாம் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில்தான் கிடக்கும். அப்பாவின் ஸ்கூட்டர் வெயிலில் நிற்கும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதற்கு செட் போவதாக இருந்தாலும் முந்தின நாள் டெஸ்டிங் எங்கள் வீட்டில்தான். "ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ" என்று அவர் ஆரம்பித்தால் சமையலறையில் தட்டுகள் நகரும். கையில் மைக் இல்லாத நேரத்திலும் அவர் பேச்சு ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும்.

அப்படிப்பட்ட மனிதருக்குச் சத்தம் என்றாலே நடுங்கும் ஒரு நாய் வந்து வாய்த்தது. வைகாசியில் கடற்கரைப் பக்கம் ஒரு கோவில் திருவிழாவுக்கு செட் போட்டிருந்தார். திரும்பி வந்து குட்டி யானை வண்டியிலிருந்து சாமான்களை இறக்கினால், ஒரு பாக்ஸுக்குள் பழுப்பு நிறத்தில் ஏதோ சுருண்டு கிடந்தது. அந்த பாக்ஸ் வெறும் பெட்டி. உள்ளே இருந்த ஸ்பீக்கர் கிழிந்துபோய் வருஷக்கணக்காகிவிட்டது. ஜோடியாக நின்றால் பார்வையாக இருக்கும் என்று அதையும் தூக்கிக்கொண்டு போவது மாமாவின் வழக்கம். ஊரே வாணவேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கே சத்தம் போடாத ஒரே பொருள் அந்தப் பெட்டிதான் என்று அந்த நாய் கண்டுபிடித்திருக்கிறது. மூன்று பேர் இழுத்தும் வெளியே வரவில்லை. நான் அதற்கு பாக்ஸு என்று பெயர் வைத்தேன்.

பாக்ஸு யாரையும் கடிக்காது, யார் பக்கமும் வராது, குரைக்கவே குரைக்காது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிடாது. நான் தட்டை வைத்துவிட்டு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன். பின்னால் மெதுவாக நக்கும் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது, அதனால் அதன்மேல் எனக்குத் தனி உரிமை இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன். ஆனால் டெஸ்டிங் நடக்கும் நாட்களில் நான் முதுகைக் காட்டியும் பயனில்லை. தட்டு அப்படியே இருக்கும், ஈ மொய்க்கும். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்.

அம்மா ஒருநாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "ஆடி பொறந்தா தெனம் டெஸ்டிங்தான். அதுக்குள்ள அதுக்கு ஒரு நல்ல வீடு பாரு. இல்லன்னா அந்த வாயில்லா ஜீவன் பட்டினி கெடந்தே செத்துடும். அந்தப் பாவம் என் வீட்ல வேணாம்."

"அவ்ளோதானக்கா? ரெண்டே நாள்ல முடிக்கிறேன்" என்றார் மாமா. அவர் ரெண்டு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அமைதியான நாய், பயந்த சுபாவம், பார்த்து வளர்க்கிற வீடாக வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் போதும். ஆனால் மாமாவின் தொழில் புத்தி அதற்கு இடம் கொடுக்கவில்லை. சத்தம் இல்லாத சரக்கை யார் வாங்குவார்கள் என்று கேட்டார். பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த பாக்ஸுவைப் படம் பிடித்து, "காவலுக்குச் சிங்கம்" என்று எழுதி, தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

முதலில் வந்தவர் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்காரர். அவருக்காக மாமா செல்போனில் ஒரு குரைப்பை இறக்கிவைத்து, அதைப் பெரிய பாக்ஸோடு இணைத்து, மறைவாக நின்று போட்டார். பக்கத்து வீட்டு மாமரத்திலிருந்து கிளிகளெல்லாம் பறந்துபோயின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாக்ஸு அன்றைக்கும் மறுநாளும் சாப்பிடவில்லை. தோப்புக்காரர் காதைப் பொத்திக்கொண்டே, "தம்பி, நாய் கேட்டு வந்தேன், நீங்க திருவிழா நடத்துறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் என் தலையில் விழுந்தது. மனுஷக் குரல் என்றால் இயற்கையாக இருக்கும் என்று மாமாவுக்குத் தோன்றிவிட்டது. யாராவது வரும்போது அவர் தொண்டையைச் செருமினால் நான் பெட்டியை ஒட்டியிருந்த தொட்டிக்குப் பின்னாலிருந்து குரைக்க வேண்டும். மாட்டேன் என்றேன். "அதுக்கு வீடு கெடைக்க வேணாமா பாப்பா?" என்று கேட்டார். தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். குரைத்தேன். தெருநாய்கள் எல்லாம் எனக்குப் பதில் குரைத்தன, பாக்ஸு மட்டும் குரைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தொண்டை கட்டிப்போய் நின்றபோது, ஐஸ் தின்றாயா என்று டீச்சர் கேட்டார். உண்மையை எப்படிச் சொல்வது? தின்றேன் என்று ஒப்புக்கொண்டு திட்டு வாங்கினேன். "பொம்பளப் புள்ளைய இப்பிடி நாயா கொலைக்க உட்டிருக்கியே, நீ உருப்படுவியா?" என்று அம்மா மாமாவைக் கேட்டாள். அவர் உருப்படுவதைப் பற்றியெல்லாம் கவலைப்பட்டதே இல்லை.

என் குரைப்பில் மயங்கியவர் ஒரே ஒருவர், எங்கள் தெருக்கோடியில் இருந்த ரிட்டயர்டு அதிகாரி. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டு வாங்கி ரசித்துவிட்டு பாக்ஸுவைக் கயிறு கட்டி இழுத்துப் போனார். மூன்றாம் நாளே கயிற்றோடு திரும்பிவந்தார். "பால்காரனப் பாத்து கட்டிலுக்கு அடியில பூந்துடுச்சு. அத வெளிய எடுக்க நான் பூந்தேன். என்னை வெளிய எடுக்க ரெண்டு பேர் வரவேண்டியதாப் போச்சு" என்று மூச்சு வாங்கினார். பாக்ஸு நேராகத் தன் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. இன்னும் இளைத்திருந்தது. எனக்கு அழுகை வந்தது.

ஆடிக்கு மூன்று நாள் இருக்கும்போது சிதம்பரத்திலிருந்து ஓர் ஆன்ட்டி வந்தார். அம்மாவைவிடக் கொஞ்சம் மூத்தவர், பருத்திப் புடவை, மிக மெதுவான பேச்சு. யாருடைய செல்போனிலோ படத்தைப் பார்த்தாராம். பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எப்பவுமே இப்பிடித்தான் இருக்குமா சார்?" என்று கேட்டார்.

மாமா அதைக் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டார். "இல்லீங்க, இப்ப தூக்கத்துல கெடக்குது" என்று சொல்லித் தொண்டையைச் செருமினார். நான் குரைத்தேன். பதினோரு நாள் பழக்கத்தில் நன்றாகவே குரைத்தேன்.

ஆன்ட்டி சட்டென்று எழுந்துவிட்டார். "இவ்ளோ சத்தமாவா கொலைக்கும்?"

"இதெல்லாம் கம்மிங்க! நேரம் ஆவ ஆவ சத்தம் ஜாஸ்தியாவும். தெருவே எழுந்திரிக்கும்!"

"அப்ப வேணாம் சார். மன்னிச்சுக்குங்க" என்று பையை எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. காலெல்லாம் எறும்புக் கடி, தொண்டையில் எரிச்சல், ஆடிக்கு மூன்றே நாள். தொட்டிக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து கத்தினேன். "அது கொலைக்கவே கொலைக்காது ஆன்ட்டி! நான்தான் கொலைச்சேன்! இந்த மாமா சொல்றதெல்லாம் பொய்யி! அதுக்கு எல்லாத்துக்கும் பயம். நீங்களாச்சும் கூட்டிட்டுப் போங்க!"

மாமாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. ஆன்ட்டி திரும்பி வந்து என்னிடம் கேட்டார். "நெஜமாவா? ஒரு தடவகூட கொலைச்சதில்லையா?"

"சத்தியமா இல்ல. ஆனா பாத்துகினே இருந்தா சாப்பிடாது. திரும்பி உக்காந்துக்கணும்."

"அப்ப எனக்கு இதான் வேணும்" என்றார்.

பாக்ஸு பெட்டியை விட்டு வராது என்பதால் பெட்டியோடு குட்டி யானையில் ஏற்றி, மாமாவே சிதம்பரம் கொண்டுபோய் விட்டுவந்தார். ஆன்ட்டி வீட்டார் தெருமுனையிலேயே இறக்கச் சொல்லி, நாங்கள் தூக்கிக்கொள்கிறோம், நீங்கள் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். "காவலுக்கு நாய் தேடறவங்களப் பாத்திருக்கேன். கொலைக்காத நாயத் தேடி வந்த ஆள இப்பதாண்டி பாக்கறேன்" என்று அவர் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அது விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, வீடு கிடைத்துவிட்டது என்று இருந்தேன்.

ஆடி முடிந்த சமயத்தில் அந்த ஆன்ட்டி போன் செய்தார். ஒருமுறை நேரில் வாருங்கள், பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாராம். எல்லோருக்கும் புரிந்துவிட்டது, திருப்பிக் கொடுக்கப்போகிறார்கள். குட்டி யானையில் போனால் கையோடு ஏற்றிவிடுவார்கள், பஸ்ஸில் போவோம் என்றார் மாமா. அதோடு விட்டாரா? நேராகப் போகிற பஸ்ஸில் ஏறாமல் வடலூர் பஸ்ஸில் ஏறினார். அங்கே இறங்கி, புவனகிரி வழியாகப் போகிற இன்னொரு பஸ். தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் அதற்குள் அவர்கள் மனசு மாறிவிடும் என்பது அவர் கணக்கு. வழி முழுக்க, திருப்பிக் கொடுத்தால் என்ன பேச வேண்டும் என்று உரக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். முன் சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கத்தில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரே பயம், பாக்ஸு மறுபடி அந்தப் போர்ட்டிகோவுக்கு வந்தால் பிழைக்காது.

கோவில் வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அந்த வீடு. கேட்டில் ஒரு அட்டை தொங்கியது: பெல் அடிக்க வேண்டாம், போன் செய்யவும். மாமா போன் செய்தார். ஆன்ட்டி வெளியே வந்து, உதட்டின் மேல் விரலை வைத்து, "பையனுக்குச் சத்தம் ஆவாது சார். உங்க போனையும் கொஞ்சம் ஆஃப் பண்ணிடுங்க" என்று கிசுகிசுத்தார். காது வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே நாற்காலிக் கால்களில் துணி சுற்றியிருந்தது. பாத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்று வைக்காமல் தனித்தனியாகப் பரப்பியிருந்தார்கள். மாமா சரி என்று சொல்ல வாய் திறந்து, தன் குரலை எப்படிக் குறைப்பது என்று தெரியாமல், தலையை மட்டும் ஆட்டினார்.

உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அதன் வழியே பார்க்கச் சொன்னார். கல்லூரி போகிற வயதில் ஓர் அண்ணன் தரையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் எங்கள் பெட்டி. வெளியே நீட்டியிருந்த பாக்ஸுவின் முகம் நன்றாகச் சதை போட்டிருந்தது. அண்ணன் தயிர்சாதத்தை உருட்டி உள்ளங்கையில் வைத்துப் பெட்டிப் பக்கம் நீட்டினார். நான் சொல்லிக் கொடுத்தபடியே நாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. பாக்ஸு முகர்ந்தது, யோசித்தது. அப்போது அண்ணன் சுவரிடம் சொல்வதுபோல, "சாப்டு" என்றார். பாக்ஸு சாப்பிட்டது.

"கேட்டீங்களா சார்?" என்று ஆன்ட்டி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாலு நாளா சொல்றான். வேற யாராச்சும் கேக்கணும்னுதான் கூப்புட்டேன். எனக்கே சந்தேகமா இருந்துச்சு."

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது, தெளிவாகத்தானே சொன்னார் என்று நினைத்தேன். மாமா கதவிடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்புகிற பஸ்ஸில் ஒத்திகை எதுவும் இல்லை. நாய் தன்னை மறந்துவிட்டது என்று வருத்தம் போலிருக்கிறது என்று நானும் சும்மா வந்தேன். அந்த அண்ணன் அதற்கு முன் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை, அம்மா என்றுகூடச் சொன்னதில்லை என்பதை, நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் மாமா என்னிடம் சொன்னார்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் அம்மா வாசலிலேயே மறித்தாள். "என்னடா, திருப்பிக் குடுத்துட்டாங்களா? எதுக்குக் கூப்புட்டாங்களாம்?"

மாமா நேராகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவ ஆரம்பித்தார். கழுவிக்கொண்டே இருந்தார். எனக்கானால் பசி, அலுப்பு, எரிச்சல். நான்தான் சொன்னேன்.

"ஒண்ணும் இல்லம்மா. அந்த அண்ணன் நாய்க்குச் சோறு வச்சிட்டு 'சாப்டு'ன்னு சொன்னாரு. அவ்ளோதான். அதக் கேக்கறதுக்கு எங்கள ரெண்டு பஸ்ஸு மாறி வரவச்சிருக்காங்க. நீகூடத்தான் எனக்குத் தெனம் பத்து தடவ சொல்ற. யாராச்சும் வந்து பாக்கறாங்களா?"