துவாலைக்காரரின் கடைசிக்கு முந்தைய பட்டன்

பயப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கும் வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது துவாலைக்காரருக்கு நாற்பத்தொன்பதாவது வயதில்தான் தெரியவந்தது. அதுவரை அவர் அதை இலவசமாகவே செய்துகொண்டிருந்தார்.

துவாலைக்காரர் என்பது வேலை பார்த்த இடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத துணி அறையில், பதினெட்டு வருடம் துவாலைகளுக்கும் படுக்கை விரிப்புகளுக்கும் பொறுப்பாக இருந்தார். கிழிந்ததை ஒதுக்குவார், கறை பட்டதைத் திருப்பி அனுப்புவார், பட்டன் போன சீருடைகளை மூலையில் இருந்த தையல் மேசைக்குத் தள்ளுவார். லிப்ட் மணி அடித்தால் மேனேஜர் வருகிறார் என்று பயம். அடிக்காவிட்டால் மேனேஜர் படியிறங்கி வருகிறாரோ என்று அதைவிடப் பயம்.

ஒரு நாள் அந்தப் பயம் பலித்தது. யாரோ ஒருவர் சாதாரண விருந்தினர்போல வந்து ஒரு நாள் தங்கி, சிரித்த முகத்தோடு கிளம்பிப்போய், பிறகு ஓர் அறிக்கை அனுப்பியிருந்தார். அதில் ஒரு வரி: ‘குளியலறைத் துவாலையின் ஓரம் இரண்டு விரல் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. பொறுப்பாளர் கவனக்குறைவானவர்.’ பக்கத்துக் கட்டத்தில் துவாலைக்காரரின் முழுப்பெயர். அடுத்த மாதம் சலவை வேலையை வெளியே கொடுத்துவிட்டார்கள். கூடவே துவாலைக்காரரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மனைவியின் தம்பி செல்போன் கடை வைத்திருப்பவர். உலகத்தில் நடப்பது எல்லாம் அவருக்குக் கடையில் உட்கார்ந்தபடியே தெரியும்.

“அத்தான், உங்களுக்கு வேட்டு வெச்சானே, அந்த ஆள் பார்த்த வேலைய நீங்களே பாருங்களேன். ஹோட்டல்ல போய்த் தங்கணும், சாப்பிடணும், தூங்கணும். வந்து எழுதிக் குடுக்கணும். அதுக்குன்னே கம்பெனிங்க இருக்கு.”

“கண்டுபிடிச்சுட்டா?”

“யாரு? உங்களையா? பத்து வருஷமா என் கடைக்கு வர்றீங்க, என் பார்ட்னருக்கே உங்க முகம் ஞாபகமில்ல. உங்களவிட்டா இந்த வேலைக்கு ஆள் ஏது?”

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று துவாலைக்காரர் மூன்று நாள் யோசித்தார். நான்காவது நாள், எந்தக் கம்பெனி என்று யோசிக்க ஆரம்பித்தார். அதற்கு மூன்று வாரம் ஆயிற்று.

“என்னைக் கட்டிக்க ரெண்டு நிமிஷத்துல சரின்னுட்டீங்க. இதுக்கு மூணு வாரமா?” என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

“அப்போ உங்கப்பா எதிர்ல நின்னு முறைச்சுக்கிட்டு இருந்தாரு.”

தேறியவை மூன்று கம்பெனிகள். முதல் கம்பெனி சேருவதற்கே கட்டணம் கேட்டது. பதிலுக்கு ‘ரகசிய விருந்தினர்’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்த அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளத் தருவதாகச் சொன்னது. கேட்டவரிடம் இல்லை என்று சொல்லப் பயந்து துவாலைக்காரர் கட்டணத்தைக் கட்டவே கிளம்பிவிட்டார். மைத்துனர் வாசலில் மறித்துச் செருப்பைக் கழற்ற வைத்தார்.

இரண்டாவது, ஒரே ஒரு பெரியவர் போனில் நடத்தும் கம்பெனி. “பேரெல்லாம் நமக்கெதுக்குங்க? பல்பு எரியுதா, வெந்நீர் வருதா, போனை எத்தனாவது மணிக்கு எடுக்கறாங்க, அவ்வளவுதான்” என்றார். துவாலைக்காரருக்கு அந்தக் குரலே இதமாக இருந்தது. ஆனால் மாதத்துக்கு இரண்டு ஹோட்டல்தான். மகள் கல்லூரியில் கால் வைத்திருந்த நேரம் அது. இரண்டு ஹோட்டல் பல்பை வைத்து ஒரு பெண்ணைப் படிக்கவைக்க முடியாது.

மூன்றாவது, பெரிய கம்பெனி. மாதம் பத்து ஹோட்டல். இருநூற்றுப் பதினான்கு கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ‘ஊழியர் பெயர்’ என்று ஒரு கட்டம். அதை நிரப்பாவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்த கேள்விக்கு நகராது. தன் பெயர் எந்தக் கட்டத்தில் ஏறியிருக்கும் என்று துவாலைக்காரருக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஆனாலும் பத்து, இரண்டைவிடப் பெரியது. ஒரு சோதனை வேலை கொடுப்பார்கள், அதில் தேறினால் நிரந்தரம்.

பெரிய கம்பெனியின் மேடம் போனில் கனிவாகப் பேசினார். “பயப்படாதீங்க சார். ஒண்ணே ஒண்ணு. எங்க ஆளுங்க சரியா பார்க்கறாங்களான்னு எங்க ஆளுங்களே பார்ப்பாங்க. யாருன்னு உங்களுக்குத் தெரியாது. சில சமயம் ஹோட்டல் யூனிபார்ம்லகூட இருப்பாங்க. நீங்க நார்மலா இருங்க.”

அதற்குப் பிறகு துவாலைக்காரர் நார்மலாக இருந்ததாக யாரும் சாட்சி சொல்ல முடியாது.

சோதனைக்குக் கொடுத்த ஹோட்டல் நாலு மாடி. அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டதும், மனப்பாடம் செய்துவந்த கேள்விகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகத்துக்கு வந்து, ஒரே நேரத்தில் மறந்துபோயின. முதலில் குளியலறைக்குப் போய்த் துவாலையைத்தான் பிரித்தார். கை தானாக ஓரத்தைத் தடவிக்கொண்டு போனது. ஓர் இடத்தில் அரை விரல் நீளத்துக்கு நூல் விட்டிருந்தது. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, நூலை உள்ளே திணித்து, மடித்து வைத்தார். கேள்வி எண்பத்தெட்டு: சரி.

அடுத்ததுதான் பெரிய விஷயம். கேள்வி நூற்று இருபத்தொன்பது சொன்னது: தன்னுடைய சின்னப் பொருள் ஒன்றைக் கட்டிலுக்கு அடியில், சுவரோரமாகப் போடவும். மறுநாள் சுத்தம் செய்தபின் பார்க்கவும். அங்கேயே கிடந்தால், பெருக்கவில்லை, குற்றம். இல்லாவிட்டால் வரவேற்பு மேசையில் ஒப்படைத்தார்களா என்று விசாரிக்கவும். ஒப்படைக்கவில்லை என்றால் இன்னும் பெரிய குற்றம்.

சின்னப் பொருள் எதையும் அவர் கொண்டுவரவில்லை. காசு போடலாம் என்றால், வேண்டுமென்றே ஆசை காட்டியது போலாகிவிடுமோ என்று பயம். கடைசியில் மாற்றுச் சட்டையை எடுத்து, கடைசிக்கு முந்தைய பட்டனை மீசைக் கத்தரியால் வெட்டினார். அதைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டு, சட்டையை அலமாரியில் மாட்டினார்.

காலையில் சாப்பாட்டு அறையில் மூலை மேசைக்காரர் ஒருவர் தட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். கம்பெனி ஆள்! துவாலைக்காரரும் அவசரமாகத் தன் தட்டைத் திருப்பிப் பார்த்தார். அதில் முட்டை இருந்தது ஞாபகமில்லை. சட்டையிலும் மடியிலும் விழுந்த முட்டையை அவர் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, மூலை மேசைக்காரரை இரண்டு குழந்தைகள் வந்து “அப்பா” என்று இழுத்துக்கொண்டு போயின. குழந்தைகளையும் வாடகைக்கு எடுத்திருப்பார்களா என்ற சந்தேகம் அவருக்கு மத்தியானம்வரை தீரவில்லை.

பதினோரு மணிக்கு அறைக்குத் திரும்பினார். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. தரையில் குப்புறப் படுத்து, செல்போன் வெளிச்சத்தைக் கட்டிலுக்கடியில் அடித்தார். தூசிகூட இல்லை. பட்டனும் இல்லை. எழுந்து, முட்டைக் கறை பட்ட சட்டையை மாற்றுவதற்காக அலமாரியைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

மாற்றுச் சட்டையில் எல்லாப் பட்டனும் இருந்தன.

அவர் மறுபடி எண்ணினார். ஏழு. நேற்று மாட்டும்போது ஆறு. அவர் கட்டிலில் உட்காரவும் கதவு தட்டப்படவும் சரியாக இருந்தது. துவாலைகளை அடுக்கிய வண்டியோடு அறை சுத்தம் செய்யும் பெண்மணி நின்றார். துவாலைக்காரரின் வயதுதான் இருக்கும். நெஞ்சில் பெயர் எழுதிய வில்லை. படிக்கக் கூடாது என்று துவாலைக்காரர் கண்ணை மூடுவதற்குள் கண் படித்துவிட்டது.

“சார், பட்டன் கட்டிலுக்கடியில கெடந்துச்சு. அலமாரி கதவு திறந்திருந்துச்சு, சட்டையில பட்டன் இல்ல. தைச்சுட்டேன்.”

“அப்படியா.”

“அறுந்து விழுந்த மாதிரி தெரியல சார். வெட்டின மாதிரி இருந்துச்சு நூலு.”

துவாலைக்காரர் மீசைக் கத்தரி இருந்த பையை மெதுவாக மூடினார்.

பெண்மணி குரலைத் தாழ்த்தினார். “வீட்ல சண்டையா சார்?”

“ஆமா” என்றார் துவாலைக்காரர், வேறு வழி தெரியாமல்.

“சட்டைய வெட்ற அளவுக்குப் போக வேணாம்னு சொல்லுங்க. அப்புறம் சார், ஒரு விஷயம். நான் தைச்சதக் கீழ சொல்லிடாதீங்க. தங்கறவங்க சாமான நாங்க தொடக் கூடாது. தெரிஞ்சா அன்னைக்கே அனுப்பிடுவாங்க. எனக்கு இத விட்டா வேற இடம் இல்ல.”

வண்டி உருண்டு போயிற்று. துவாலைக்காரர் கேள்வித்தாளை மனதில் புரட்டினார். கேள்வி நூற்று முப்பத்தொன்று: விருந்தினரின் உடைமைகளை ஊழியர் தொட்டாரா? தொட்டால் பெருங்குற்றம். பெயர்க் கட்டம்.

இங்கேதான் அவருடைய பயம் அதன் முழு உயரத்துக்கு எழுந்து நின்றது. யூனிபார்மில்கூட இருப்பார்கள் என்று மேடம் சொன்னாரே. வெட்டிய நூலைக் கவனிக்கிறவர், சண்டையா என்று வாயைக் கிளறுகிறவர், சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறவர்: இவர் ஏன் கம்பெனி ஆளாக இருக்கக் கூடாது? மறைத்தால் பத்து ஹோட்டலும் போச்சு. எழுதினால், அவர் உண்மையான பெண்மணியாக இருந்தால், அவர் போச்சு.

மாற்றுச் சட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இது அவருக்குத் தெரிந்த உலகம். நூல் நாலு துளையிலும் குறுக்காகப் போய், பட்டனுக்கு அடியில் மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சு இல்லாமல் உள்ளே ஒளிந்திருந்தது. கொதிக்கிற தண்ணீரில் நூறு தடவை போட்டாலும் வராது. வீட்டுத் தையல் இப்படி இருக்காது, கடைத் தையலும் இருக்காது. துணி அறையின் தையல் மேசையில் வருடக்கணக்கில் உட்கார்ந்த கைக்குத்தான் இது வரும். அப்படியானால் உண்மையான ஆள்தான்.

ஒரு துவாலையை மடிக்கிற நேரத்துக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு வேறொன்று உறைத்தது. இந்தத் தையல் இன்னதென்று தெரிந்த ஒருவர், துணி அறையிலிருந்து விரட்டப்பட்டு, இப்போது கம்பெனி ஆளாக, இதே அறையில் உட்கார்ந்திருக்கிறார். தான் ஒருவன்தான் அப்படி என்று என்ன நிச்சயம்?

அன்று மாலை வீட்டில், மனைவியின் மெஷின் சத்தத்துக்கு நடுவில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ‘பொருள் கிடந்தது’ என்று போட்டால் அந்தப் பெண்மணி பெருக்கவில்லை. ‘ஒப்படைத்தார்’ என்றால் வரவேற்பு மேசையில் கேட்டுப் பொய்யென்று கண்டுபிடிப்பார்கள். ‘ஒப்படைக்கவில்லை’ என்றால் அவர் திருடி. உண்மையைச் சொன்னால் பெருங்குற்றம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கட்டம் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

நூற்று இருபத்தொன்பதைக் காலியாக விட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டர் நகரவில்லை. போன் அடித்தது. மேடம்தான்.

“சார், நூத்தி இருபத்தொம்பதுல நிக்கறீங்க. இங்க தெரியுது. பிரச்சனையா?”

துவாலைக்காரர் மனதில் வந்தது ஒரு துணி அறைக் கணக்குத்தான். கம்பெனி ஆளாக இருந்தால் அந்த அம்மாவுக்கு எதுவும் ஆகாது. இல்லையென்றால் எல்லாம் ஆகிவிடும். இரண்டு துவாலையில் எது கிழிந்தது என்று தெரியாதபோது அவர் இரண்டையும் தூக்கிப் போட்டதில்லை.

“மேடம், பொருள் வைக்க மறந்துட்டேன்.”

“மறந்துட்டீங்களா?”

“சுத்தமா மறந்துட்டேன்.”

“அதுக்குத்தானே சார் சோதனை.” மேடத்தின் குரல் இன்னும் கனிவாகவே இருந்தது. அதுதான் அவரை நடுங்க வைத்தது. “அப்போ ‘ஆய்வாளர் கவனக்குறைவானவர்’னுதான் போடணும். கட்டத்துல போட உங்க முழுப்பேரச் சொல்லுங்க.”

பதினெட்டு வருட வேலைக்குக் கிடைத்த அதே வார்த்தை. துவாலைக்காரர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, தன் முழுப்பெயரைத் தானே சொன்னார்.

“உங்களப் பத்தி எங்க ஆளோட ரிப்போர்ட் இன்னும் வரல சார். வந்ததும் கூப்பிடறோம்” என்று மேடம் போனை வைத்தார்.

அவர்கள் கூப்பிடவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் துவாலைக்காரருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. பல்புப் பெரியவரிடம் சேர்ந்துவிட்டார். மற்ற நாட்களில் மனைவியின் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிச் சீருடைகளுக்குப் பட்டன் தைக்கிறார். அடியில் மூன்று சுற்று, முடிச்சு இல்லாமல். அப்படித் தைத்துக் கொடுத்ததில் சீருடைக்காரர் கூடுதலாகத் துணி அனுப்ப ஆரம்பித்திருக்கிறார். அதுவும் எப்போது நிற்குமோ என்று பயம்தான்.

ஹோட்டலிலிருந்து திரும்பிய அன்றே மனைவி அந்தச் சட்டையைக் கையில் எடுத்துப் பட்டனை இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

“இது நான் தைச்சது இல்லையே.”

“ஹோட்டல்ல ஒரு அம்மா தைச்சாங்க.”

மெஷின் நின்றது. “ஓஹோ. என்னைவிட நல்லா தைச்சிருக்காங்களோ?”

இருநூற்றுப் பதினான்கு கேள்விகளில் இப்படி ஒன்று இல்லை. துவாலைக்காரர் பட்டனைப் பார்த்தார், மனைவியின் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார்.

“சுமார்தான்” என்றார்.