செயின் மாற்றச் சொன்ன சேதி

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் மகனின் சைக்கிள் செயின் 'டக் டக்'கென்று பல் தாவிய சத்தம் என்னைப் பத்து வயதுக்குக் கொண்டுபோனது.

அன்று சைக்கிள் திருத்துபவர், வாப்பாவின் சைக்கிள் செயினை விரலால் இழுத்து என்னிடம் காட்டினார். "இஞ்ச பாரு புள்ள, பல்லுத் தெரியுது, செயின் தேஞ்சிட்டு. கடல்காத்துக்கு ஒரு வருசந்தான் தாங்கும். ரெண்டுதரம் கண்ணி கழட்டி இறுக்கிட்டன், இனி ஏலா. வாப்பாட்டச் சொல்லி மாத்து."

நான் சொல்லவில்லை. புதுச் செயின் வாங்கினால் என் பெருநாள் சட்டை இல்லாமல் போகுமென்று பயந்தேன்.

என் அக்கா, ராத்தாவின் சோதனையன்று வாப்பாவின் சைக்கிளில் கல்முனைக்குப் போகும் வழியில் செயின் அறுந்தது. அவள் நடந்துபோய்ச் சேர்ந்தபோது கணக்குப் பரீட்சை பாதி முடிந்திருந்தது.

"செயின மாத்தாம என்ன செஞ்சீங்க வாப்பா?" என்று ராத்தா கேட்டாள்.

"தெரியாமப் பெய்த்து மகள்."

வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போகும்வரை அந்தப் பழி அவர் மேலேயே இருந்தது.

மகனின் செயின் சத்தம் கேட்ட மறுநாள், இதையெல்லாம் சொல்லிவிட ராத்தா வீட்டுக்குப் போனேன். விருந்தாளிகள் இருந்தார்கள். தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.